ரேஸ் ரோட்டில் எங்கள் வெள்ளைக் கார்

எங்கள் காரைப் பார்த்து ஒருவர் சல்யூட் அடித்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. அந்தப் பெருமையில்தான் எல்லாம் கெட்டுப்போனது.

ஹைதராபாத் டேங்க் பண்ட் தாண்டி செக்ரட்டேரியட் பக்கம் திரும்புகிற இடம். ரோடு முழுக்கத் தடுப்பு. பஸ், ஆட்டோ, ஸ்கூட்டர் எல்லாம் ஹாரனை அமுக்கிக்கொண்டு நிற்கின்றன. எங்களுடையது பழைய வெள்ளை செடான். முன் கண்ணாடியில் என் வீட்டுக்காரருடைய ஆபீஸ் ஸ்டிக்கர். இவர் பாதுகாப்புத் துறை ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் விஞ்ஞானியாக இருந்து ஓய்வுபெற்றவர். இவர்தான் ஓய்வுபெற்றார், ஸ்டிக்கர் இன்னும் வேலையில்தான் இருந்தது.

கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்த செக்யூரிட்டி ஆள் வெள்ளைக் காரைப் பார்த்தார், ஸ்டிக்கரைப் பார்த்தார், உள்ளே பட்டு வேட்டியும் பட்டுப்புடவையுமாக உட்கார்ந்திருந்த எங்களையும் பார்த்தார். யாரோ பெரிய அதிகாரி குடும்பத்தோடு ரேஸ் பார்க்க வந்திருக்கிறார் என்று முடிவு கட்டிவிட்டார், பாவம். விறைப்பாக ஒரு சல்யூட்.

"ஆயியே சார், ஆயியே!"

கயிறு மேலே போனது. இவரும் பதிலுக்கு ஒரு சல்யூட் வைத்துவிட்டு வண்டியை உள்ளே விட்டார்.

கொஞ்ச தூரத்தில் இடது பக்கம் இன்னொரு ஆள் நின்றிருந்தார். கையில் சிவப்புக் கொடி, பக்கத்தில் பார்க்கிங்குக்கு அம்புக்குறி போட்ட போர்டு. வண்டியை இடது பக்கம் ஒடிக்கச் சொல்லிக் கொடியை வீசுவீசென்று வீசினார். இவர் நேராகப் போனார்.

"ஏனுங்க, அந்தாளு கொடி காட்டறாருங்க! லெப்ட்டுல போகச் சொல்றாருங்கோ!"

"ஏட்டி, சும்மா கெட. ரோடு எப்படிக் கெடக்கு பாத்தியா? லக்டிகாபூல் மண்டபம் வரைக்கும் அஞ்சே நிமிசந்தான். எனக்குத் தெரியும்லா."

நான் கோயமுத்தூர், இவர் திருநெல்வேலி. கல்யாணமாகி இத்தனை வருஷம் ஹைதராபாத்தில் குடித்தனம் செய்தும் இவர் தமிழ் என்னுடையதாகவில்லை, என் தமிழ் இவருடையதாகவில்லை. காரில் நான் கத்துவதும் புதிதில்லை. எருமை குறுக்கே வந்தாலும் கத்துவேன், ஏசியைக் குறைக்கச் சொல்லியும் கத்துவேன். இது எந்தக் கத்தல் என்று அந்த மனுஷருக்கு எப்படித் தெரியும்?

ரோடும் அப்படித்தான் இருந்தது. ஹைதராபாத்தில் குழியே இல்லாத ரோட்டைப் பார்த்த அதிர்ச்சியில் நானே கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டேன். இரண்டு பக்கமும் இடுப்புயரக் கான்கிரீட் சுவர், அதற்கு மேலே கம்பிவேலி. வளைவுகளின் ஓரத்தில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்திருந்தது. எதிரே ஒரு சைக்கிள்கூட இல்லை. ஒரு வளைவு திரும்பியதும் இரும்புப் படிக்கட்டுகளில் கூட்டம் கூட்டமாக ஜனம். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று கைதட்டியது, விசிலடித்தது.

"எவனோ மந்திரி பின்னால வாறான் போலுக்கு," என்று இவர் கண்ணாடியில் பார்த்தார்.

பின்னால் யாரும் வரவில்லை. மின்சாரக் கார்களின் உலகப் பந்தயம் நடக்கிற சுற்றுப்பாதையில் நாங்கள் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தோம், அதுவும் மூன்றாவது கியரில்.

லொக்கேஷன் ஆஃப்

"பாம்பு கதை நன்றாக இருந்தது, ஆனால் அல்வாலில் ஏது அவ்வளவு பெரிய பாம்பு?" என்று இந்தத் தொடரின் போன வார அத்தியாயத்துக்கு ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். அவரே இப்போது, "ஊரே அறிந்த சாலை மூடல் உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியாமல் போனது?" என்று கேட்கப்போகிறார். நியாயமான கேள்விதான். ரேஸ் வரப்போவது தெரியும், என்றைக்கு எந்த ரோட்டை மூடுவார்கள் என்பதைத்தான் கவனிக்கவில்லை.

எங்கள் அல்வால் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இந்த மாதிரி ஆபீஸ்காரர்கள் உண்டு. போனில் லொக்கேஷன் போடமாட்டார்கள். மேப் பார்க்கமாட்டார்கள். காய்கறி வாங்க எந்தப் பக்கம் போனோம் என்பதை எதிரி நாட்டுக்காரன் தெரிந்துகொண்டு என்ன செய்யப்போகிறான்? கேட்டால் "ரூல்" என்பார்கள். ஓய்வுபெற்ற பிறகும் அந்த ரூல் உடம்பை விட்டுப் போகவில்லை. நான் என் போனில் மேப்பைப் போட்டால்கூடக் கையை நீட்டி அணைப்பார். ஐதர் அலி காலத்திலிருந்து எந்தப் பாதையில் போகிறாரோ அதே பாதைதான்.

இவர் அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் என்ன வேலை பார்த்தார் என்று இன்றைக்கு வரை எனக்குத் தெரியாது. கட்டின புதிதில் கேட்டேன். "ஆபீஸ் வேலை" என்றார். பிறகு தலை தீபாவளிக்குப் போனபோது என் அப்பா கேட்டார். அவருக்கும் அதே பதில்தான். வானத்தில் ஏதாவது பறந்து அது பேப்பரில் வந்தால், அன்றைக்கு இவர் கூடுதலாக ஒரு காபி கேட்பார். எனக்குத் தெரிந்த ராணுவ ரகசியம் அவ்வளவுதான்.

ரகசியம் காப்பதையே தொழிலாக வைத்திருந்த ஆள் என்பதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அது பாதுகாப்புத் துறையோடு நிற்கவில்லை.

விளக்கெண்ணெய் வாசம்

ரேஸ் எனக்குப் புதிதில்லை. கோயமுத்தூர் கணபதியில் என் அண்ணனுக்கு லேத் பட்டறை இருந்தது. பகலில் பம்புசெட்டுக்கு உதிரி பாகம் கடைவார்கள். மற்ற நேரமெல்லாம் பழைய எஞ்சினைப் பிரித்து, குழாய்களை வளைத்து, நாலு சக்கரம் வைத்து ரேஸ் கார் என்று ஒன்றைச் செய்வார்கள். பார்க்கச் சாயம்போன குளியல்தொட்டி மாதிரி இருக்கும்.

அதை லாரியில் ஏற்றிக்கொண்டு சோழவரம் போவார்கள். சென்னைக்கு வெளியே, வெள்ளைக்காரன் யுத்தத்துக்காகப் போட்டுவிட்டுப் போன விமான ஓடுதளம் அது. வைக்கோல் கட்டும் தார் டிரம்மும் வைத்தால் அது வளைவு. கயிறு கட்டினால் அது கேலரி. நான் பாவாடை சட்டையில் புளிசாதப் பொட்டலத்தோடு போய் நின்றிருக்கிறேன். எஞ்சினுக்கு ஊற்றின விளக்கெண்ணெய் கருகுகிற வாசம் அடிக்கும். காது இரண்டு நாளைக்கு ஙொய் என்று இரையும். அண்ணன் கார் பெரும்பாலும் பாதியில் நின்று, எல்லோரும் சேர்ந்து தள்ளிக்கொண்டு வருவோம். அதைவிடச் சந்தோஷமான தோல்வியை நான் பார்த்ததில்லை.

அந்தப் பட்டறை அம்பாசிடரில்தான் வண்டி ஓட்டப் பழகினேன். லைசென்ஸும் எடுத்தேன். கல்யாணமானதும் அந்த லைசென்ஸ் ரயிலில் டிக்கெட் பரிசோதகரிடம் அடையாளத்துக்குக் காட்டுகிற அட்டையாகிவிட்டது. "நான் இருக்கேன்லா, நீ எதுக்கு ஓட்டணும்?" என்பார் இவர். மல்லாபூரில் நான் வேலை பார்த்த கம்பெனிக்கு ஆபீஸ் பஸ் இருந்தது. நானும் விட்டுவிட்டேன்.

ஏரிக்கரையில் வந்த ரேஸ்

ஹைதராபாத்துக்கு ரேஸ் வரப்போகிறது என்றபோது முதலில் நம்பாதவள் நான்தான். சோழவரத்துக்கு ஓடுதளமாவது இருந்தது. இங்கே ஹுசேன் சாகர் ஏரிக்கரையில், ஜனங்கள் வேலைக்குப் போய் வருகிற ரோட்டையே ரேஸ் ரோடு ஆக்கப்போகிறார்கள் என்றால்?

ஆக்கினார்கள். ஏரிக்கும் செக்ரட்டேரியட்டுக்கும் நடுவில் போகிற ரோட்டை அகலப்படுத்தி, மேலே புதுத் தார் போட்டு, இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி ஆக்கிவிட்டார்கள். மிர்ச்சி பஜ்ஜி வண்டிகளை அப்புறப்படுத்தினார்கள். மரங்கள் போயின என்று ஒரு கூட்டம் கோபித்துக்கொண்டது. ஊருக்குப் பெருமை என்று இன்னொரு கூட்டம் செல்ஃபி எடுத்தது. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் செகந்திராபாத்திலிருந்து பஸ்ஸில் வேலைக்குப் போகிறவர்கள். அவர்கள் யாரையும் கோபித்துக்கொள்ளக்கூட நேரமில்லாமல் நாலு கிலோமீட்டர் சுற்றி நடந்தார்கள்.

முதலில் உள்நாட்டுக் கார்களை விட்டு ஒத்திகை பார்த்தார்கள். அது முழுசாக நடக்கவில்லை. பிறகு அசல் பந்தயம் வந்தது. உலகம் முழுக்கச் சுற்றுகிற மின்சாரக் கார்கள். அண்ணனுக்கு போன் போட்டு ரேஸ் சத்தத்தைக் கேட்கவைக்கலாம் என்று நினைத்திருந்தேன். டிவியில் பார்த்தால், பக்கத்து வீட்டில் மிக்ஸியில் தேங்காய் அரைக்கிற சத்தம்.

"இதுக்கு எதுக்குடி ரேஸு? கிரைண்டர் கடைக்குப் போலாமே," என்றான் அண்ணன்.

அந்த ஒரு வருஷத்தோடு சரி. அடுத்த பந்தயத்துக்கு முன்னாலேயே ஆட்சி மாறியது, பந்தயம் ரத்தானது. அதற்குப் பிறகு விசாரணை, கோர்ட் என்று பேப்பரில் வந்ததெல்லாம் உங்களுக்கே தெரியும். யார் சரி, யார் தப்பு என்று சொல்ல நான் யார்? அந்த ரோட்டில் பந்தயக்காரர்களுக்கு முந்தியே ஓட்டிவிட்ட குடும்பம் நாங்கள், எங்களைக் கூப்பிட்டு விசாரிக்காதவரைக்கும் எனக்குச் சந்தோஷம்.

எந்தப் பக்கமுங்க?

கைதட்டிய கூட்டத்தைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம் இல்லையா? சுற்றுப்பாதையில் ஒரு சங்கடம் உண்டு. உள்ளே போய்விட்டால் வெளியே போகிற தெரு என்று ஒன்றும் கிடையாது. லக்டிகாபூல் மண்டபத்தில் இவருடைய நண்பருக்கு அறுபதாம் கல்யாணம், முகூர்த்தம் நெருங்குகிறது, மடியில் பித்தளைக் குத்துவிளக்கு. சுவருக்குப் பின்னால் சுவர் வந்துகொண்டே இருந்தது.

திடீரென்று ஆரஞ்சு உடுப்பு போட்ட ஒரு ஆள் கம்பிவேலி இல்லாத ஒரு இடைவெளியில் சுவரைத் தாண்டிக் குதித்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடுரோட்டில் நின்றார். இவர் பிரேக்கில் ஏறி நின்றார். ரேஸில் கொடி காட்டுகிற மார்ஷல் அவர்.

"ரோக்கோ! கியா கர்தா ஹை தும்?" என்று கத்தினார். அந்த ஓட்டை இந்தியைக் கேட்டதுமே நம்ம ஊர் என்று தெரிந்துவிட்டது.

"தம்பி, நீங்க தமிழுங்களா?" என்றேன்.

அவர் கை அப்படியே கீழே இறங்கியது. "ஏனுங்கம்மா, நீங்க எங்கீங்க இங்க வந்தீங்க? இன்னும் கொஞ்ச நேரத்துல கார் விடப்போறாங்க!"

"கோயமுத்தூருங்களா? எந்தப் பக்கமுங்க?"

"ஒண்டிப்புதூருங்க."

"நாங்க கணபதிங்க. லேத் பட்டறைக்காரவீடு."

நம்பமாட்டீர்கள், அந்தக் களேபரத்திலும் அவர் முகம் மலர்ந்தது. நம் நாட்டில் எங்கே ரேஸ் நடந்தாலும் மார்ஷல் வேலைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் சென்னை, கோயமுத்தூர்ப் பிள்ளைகள்தானாம். லீவு போட்டுவிட்டுச் சொந்தக் காசில் வருவார்களாம். இதையெல்லாம் நான் கேட்டுத் தெரிந்துகொள்கிற வரைக்கும் இடுப்பில் தொங்கிய ரேடியோ அவரைத் திட்டிக்கொண்டே இருந்தது.

கொஞ்சம் பின்னால் இரண்டு கான்கிரீட் சுவர்களுக்கு நடுவில் ஒரு சந்து இருந்தது, ஆம்புலன்ஸ் வந்துபோக. அதில் வண்டியை ரிவர்ஸ் எடுத்து ஏற்றிவிடுங்கள் என்றார் மார்ஷல். இவர் எடுத்தார். இடது பக்கம் சுவரில் இடித்தார். முன்னால் வந்து மறுபடி எடுத்தார். மறுபடி அதே இடம், அதே இடி.

"சார், சுவர் பக்கத்துலயே இருக்குதுங்களே. அங்க பார்க்கிங் போர்டுகிட்ட என்ற சிநேகிதன் அவ்வளவு கொடி ஆட்டினானாமா, அதுவும் தெரியலீங்களா?"

இவர் எதற்கும் பதில் வைத்திருக்கிற மனுஷர். கொடி சின்னது என்பார், சூரியன் கண்ணில் அடித்தது என்பார், அரசாங்கத்தைத் திட்டுவார். நான் அதற்குத் தயாராகத்தான் உட்கார்ந்திருந்தேன்.

"தெரியல," என்றார். மெதுவாக, ரோட்டைப் பார்த்துக்கொண்டு.

வீட்டில் இவர் கதவு நிலையில் இடித்துக்கொண்டு நிலையைத் திட்டியது, இடது கைப்பக்கம் வைத்த காபி டம்ளரைத் தட்டிவிட்டு "இங்க யாரு வச்சா?" என்று கேட்டது, எல்லாம் வரிசையாக என் நினைவில் வந்து நின்றன.

"இறங்குங்க," என்றேன். இறங்கினார். பட்டுப்புடவைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஸ்டீயரிங்கில் உட்கார்ந்தேன். ஒரே எடுப்பில் சந்துக்குள் போய்விட்டது. மேலே கேலரியில் யாரோ விசிலடித்தார்கள். வேறொரு நாளாக இருந்தால் அந்த விசிலை வருஷக்கணக்காகச் சொல்லிக் காட்டியிருப்பேன்.

சொட்டு மருந்து

குத்துவிளக்கை மண்டபத்தில் கொடுத்துவிட்டு, அந்த வாரமே இவரைக் கண் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். டாக்டர் நல்ல பிள்ளை. இவரைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே, "போன வருஷமே வரச்சொன்னேனே சார்?" என்றார்.

நான் இவரைப் பார்த்தேன். இவர் சுவரிலிருந்த எழுத்துப் பலகையைப் பார்த்தார்.

க்ளாக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, ஓரங்களிலிருந்து பார்வை போய்க்கொண்டே வரும். வலி இருக்காது. நேராகப் பார்ப்பது தெரியும், பக்கத்தில் இருப்பது தெரியாது. போன பார்வை திரும்பி வராது. சொட்டு மருந்து போட்டு மிச்சத்தைக் காப்பாற்றலாம். இதையெல்லாம் ஒரு வருஷத்துக்கு முன்னாலேயே தனியாக வந்து கேட்டுக்கொண்டு போயிருக்கிறார். வீட்டில் சொன்னால் கார் போய்விடும் என்று சொட்டு மருந்தைக்கூட வாங்கவில்லை. நாட்டு ரகசியம் மாதிரி நெஞ்சுக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது, பத்திரிகை ஆசிரியர் வெட்டிவிடுவார். கோபத்துக்கு அடியில் பயம் இருந்தது. இந்த ஆள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு வருஷம் ஊரெல்லாம் போயிருக்கிறேனே என்பதைவிட, ஒரு வருஷம் இதைத் தனியாக வைத்துக்கொண்டு பக்கத்தில் படுத்திருந்தாரே என்பதுதான் என்னை அழவைத்தது.

அதற்குப் பிறகும் சாவியைத் தரவில்லை. "அல்வால் மார்க்கெட் வரைக்கும்தான" என்பார். சாவி வேட்டி மடிப்பிலேயே இருக்கும்.

கச்சிபௌலியில் வேலை பார்க்கிற எங்கள் மகள் தீபா, தமிழ் புரியும் ஆனால் முழுசாக வாயில் வராது, எதற்கு டென்ஷன் என்பதை ஹைதராபாத் இந்தியில் போனில் சொன்னாள்: "கைக்கு டென்ஷன் லேரே அம்மா? கீயை ஹைட் பண்ணிடு, ஸிம்பிள்." அப்பாவிடம், "நக்கோ அப்பா, ப்ளீஸ் நக்கோ" என்று, ஓட்டவேண்டாம் எனக் கெஞ்சினாள். இவர் "சரிம்மா" என்று சொல்லிவிட்டு மடிப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

சாவியைப் பிடுங்க எனக்கு அரை நிமிஷம் ஆகாது. பிடுங்கின சாவியை வைத்துக்கொண்டு அந்த மனுஷரோடு மிச்ச காலத்தை எப்படி ஓட்டுவது? அவராகத் தரவேண்டும். அதுவரைக்கும் யாரும் அடிபடாமல் இருக்கவேண்டும். ஆகவே பட்டறைக்காரவீட்டுப் பெண் செய்யவேண்டியதைச் செய்தேன். பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டேன். வானத்தில் எதையெதையோ பறக்கவிட்டவருக்குச் சொந்தக் காரின் பானெட்டைத் திறக்கத் தெரியாது. "பேட்டரி போச்சு" என்றார். "ஆமாங்க, போச்சு" என்றேன். புதுசு வாங்க மெக்கானிக்கைக் கூப்பிடச் சொன்னார். மெக்கானிக் ஊருக்குப் போயிருக்கிறார் என்றேன். என் கதையில் அந்த மெக்கானிக் ரொம்ப நாள் ஊரிலிருந்து திரும்பவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை

ரேஸ் இனி வராது என்று ஆனபோது எங்கள் வீட்டில் துக்கப்பட்டது இவர்தான். "அம்புட்டு நல்ல ரோடு" என்பார். சில மாதங்களுக்கு முன்னால் ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார்.

"பேட்டரி ஒயர மாட்டு. எனக்குத் தெரியும்லா."

நான் ரசத்தைப் பார்த்துக்கொண்டேன்.

"அந்த ரேஸ் ரோட்டுக்குப் போவோம். நீயே ஓட்டிட்டு வா. அங்கன ஒரே ஒரு ரவுண்டு நான் ஓட்டிக்கிடுதேன். அதுக்கப்புறம் நீ சொல்லுததுதான்."

பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றி ஒயரை மாட்டி, கூட்டமில்லாத ஞாயிற்றுக்கிழமைக் காலையில் போனோம். ஓரமாக நிறுத்தினேன். ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினேன். இவர் ஸ்டீயரிங்குக்குப் போனார். ஸீட்டை முன்னால் இழுத்தார், கண்ணாடியைச் சரிசெய்தார், சட்டைக் கையை மடித்துக்கொண்டார். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்து வருஷக்கணக்காகிறது. அவரை ஓட்டவிடப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

பானெட்டைச் சுற்றிக்கொண்டு இடது பக்கம் வந்தேன். முன் விளக்கருகில் நின்றுவிட்டேன். எஞ்சின் கிளம்பியது.

"ஏட்டி, எங்க போய்ட்ட?"

நான் அவருக்கு எதிரேதான் நின்றேன். கொஞ்சம் இடது பக்கம், பானெட்டில் கை வைத்துக்கொண்டு.

"ஏட்டி?"

குரலில் ஒரு சின்னப் பதற்றம். கண் நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு கழுத்தைத் திருப்பிக் கொஞ்சம் கொஞ்சமாகத் தேடிக்கொண்டே வந்தார், பார்வை என்னிடம் வந்து நின்றது.

"அங்கனயா நிக்க?"

"ஆமாங்க."

"ஸ்டார்ட் பண்ணும்போதே?"

"அதுக்கு முந்தியே இருந்துங்க."

எஞ்சின் நின்றது. ஏரிப் பக்கமிருந்து காற்று வந்தது, ஹுசேன் சாகருக்கே உரிய வாசத்தோடு. இவர் கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டே இருந்தார். நான் ஜன்னலருகே வந்ததும் சாவியை உருவி, எட்டிச் சாய்ந்து, இடது பக்க ஜன்னல் வழியாக நீட்டினார்.

"இந்தா. நீயே வச்சுக்கோ."

வாங்கிக்கொண்டேன். அவர் இறங்கி, பானெட்டைத் தொட்டுக்கொண்டே சுற்றி வந்து இந்தப் பக்கம் உட்கார்ந்தார். பெல்ட்டைப் போட்டுக்கொண்டார்.

"மெள்ளப் போ. என்னென்ன மிச்சமிருக்குன்னு சொல்லிட்டே வா."

சொல்லிக்கொண்டே ஓட்டினேன். படிக்கட்டெல்லாம் கழற்றிவிட்டார்கள். கம்பிவேலி இல்லை. பஜ்ஜி வண்டிகள் திரும்பி வந்துவிட்டன, இன்னும் அடுப்பு மூட்டவில்லை. ஒரு கல்யாண ஜோடி போட்டோவுக்கு நிற்கிறது, மாப்பிள்ளை தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கிறான். தாரில் இரண்டு இடத்தில் குழி விழுந்திருக்கிறது, ஊரோடு ஒத்துப்போய்விட்டது.

"ஓரத்துல செவப்பும் வெள்ளையுமா அடிச்சிருந்தானே?"

"அங்கங்க இருக்குதுங்க. நல்லா மங்கிப்போச்சுங்க."

"எந்தப் பக்கம்?"

"உங்க பக்கம்தானுங்க. இந்த வளைவுலயே இருக்குது."

"கொஞ்சம் நிறுத்து."

நிறுத்தினேன். பின்னால் ஒரு ஆட்டோக்காரர் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போனார். இவர் ஜன்னல் வழியாக முகத்தை முழுசாக வெளியே நீட்டி, தலையை இப்படியும் அப்படியும் அசைத்துத் தேடினார். நான் கை காட்டவில்லை, அவரே தேடட்டும் என்று விட்டுவிட்டேன். ரொம்ப நேரம் ஆனது.

"தெரியுது," என்றார். "போ."